அபிலாஷ் டோமியை நேரில் கண்டால் என்ன கேட்பது?

30.4.2023

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அபிலாஷ் டோமியால்தான் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று பத்து முறையாவது எழுதிவிட்டீர்கள். அவரைச் சந்திக்க வேண்டும் என்றும் ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். சந்தித்தால் என்ன கேட்பீர்கள்? பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதைத் தவிர உங்களுக்கு அவரிடம் என்ன வேலை?"

அபிலாஷ் இந்தியக் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். நேற்று அவர் பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்தை அடைந்துவிட்டார். 2022 செப்டம்பர் 4 அன்று அங்கிருந்து புறப்பட்ட கோல்டன் குளோப் பந்தயத்தில், 36 அடிப் படகு ஒன்றில், தனியாக, எங்கும் நிறுத்தாமல், 236 நாளில் உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்திருக்கிறார். கிளம்பிய 16 பேரில் கரையில் கால் வைக்காமல் இதுவரை முடித்திருப்பவர்கள், இரண்டு நாள் முன்னதாக வந்து வென்ற தென்னாப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நோய்ஷேஃபரும் இவரும் மட்டுமே. ஜி.பி.எஸ். கிடையாது; சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியும் காகித வரைபடமும்தான் வழிகாட்டி. இந்த நிலையில் என்னிடம் கேள்வி இருக்கிறதா என்று கேட்பதே தவறு. எனக்குக் கேள்வி எதுவும் இல்லை. அந்தக் கைகளை ஒரு முறை பார்த்தால் போதும்.

2.5.2023

இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, முந்தைய பதிவொன்றில் உலகைத் தனியாகச் சுற்றிய முதல் இந்தியர் என்று இவரைக் குறிப்பிட்டிருந்தேன். அது பிழை. அந்த இடம் கமாண்டர் திலீப் தோண்டேயுடையது. 2009 ஆகஸ்டில் மும்பையிலிருந்து 'மாதேய்' என்ற 56 அடிப் படகில் கிளம்பி, நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, 2010 மே மாதம் திரும்பினார். அதே படகில் 2012 நவம்பர் 1 அன்று கிளம்பி, எங்குமே நிற்காமல், பிறர் உதவி பெறாமல் 2013 மார்ச் 31 அன்று திரும்பிய முதல் இந்தியர்தான் அபிலாஷ். சுட்டிக்காட்டிய தூத்துக்குடி நண்பருக்குக் கடன்பட்டிருக்கிறேன். "பக்திமான்களுக்கு வரலாறு தேவைப்படாது" என்று அவர் சேர்த்துக்கொண்டதற்கு மட்டும் கடன்படவில்லை.

இரண்டாவது, கைகளைப் பார்த்தால் போதும் என்று எழுதியது வெறும் அலங்காரம். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகளைப் பார்க்க வேண்டுமானால் காசிமேட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு நூறு ஜோடி பார்க்கலாம். அதற்காக ஒருவரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

11.5.2023

யோசித்ததில் முதலில் நினைவுக்கு வந்தது என் கதைதான். அதைச் சொல்லாமல் நகர முடியாது போலிருக்கிறது.

2013 ஏப்ரல் 6 அன்று மும்பை இந்தியா வாயில் அருகே குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அவரை முறைப்படி வரவேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவன். பதினெட்டு ஆண்டுகளாக ஜன்னல் வழியே கப்பல்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் இடுப்பளவுக்கு மேல் இறங்கியதில்லை. அந்தச் செய்தியில் என்னைப் பிடித்து நிறுத்தியது வீரமன்று. ஐந்து மாதம் மனித முகத்தையே பார்க்காதிருந்த ஒருவர், அத்தனை சீருடைகளுக்கும் ஒலிவாங்கிகளுக்கும் நடுவே, தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு வந்தவரைப் போல நின்றுகொண்டிருந்தார். அப்படி நிற்பதற்கு எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள் என்று அன்றைக்கே விசாரிக்கத் தொடங்கினேன்.

நிற்பதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, விழுவதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். டிங்கி என்ற சிறு பாய்ப்படகில் முதல் மூன்று வாரமும் அதே பாடம்தான். படகு கவிழ்ந்ததும் முதலில் தலையை எண்ணிக்கொள்ள வேண்டும் என்பார் பயிற்றுநர். இருவர் படகில் இது எளிய கணக்கு. பிறகு நீந்தி அடிப்பக்கம் போய், கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் சென்டர்போர்டு என்ற அடிப்பலகையின் மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பை முழுவதுமாகப் பின்னால் சாய்க்க வேண்டும். பாய் நனைந்த ஜமக்காளத்தைப் போலத் தண்ணீரை விட்டு வர மறுக்கும். பொறுமையாகச் சாய்ந்தபடி இருந்தால், ஒரு கட்டத்தில் பாயின் மேலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கும் ஓசை கேட்கும். அதன் பிறகு படகு தானே எழுந்துகொள்ளும், பெரும்பாலும் நம் தலைமேல்.

ஒரு ஜூன் மாதப் பிற்பகலில், காலை முழுவதும் வீசிய கச்சான் என்ற மேற்குக் காற்று ஓய்ந்து கடற்காற்று திரும்பும் அந்த அரைமணி நேரக் குழப்பத்தில், துறைமுகத்துக்கு வெளியே தனியாகக் கவிழ்ந்து, நான்கு முறை முயன்றும் நிமிர்த்த முடியாமல் மிதந்துகொண்டிருந்தேன். ஃபைபர் படகில் வந்த காசிமேட்டுக்காரர் ஒருவர் மோட்டாரை அணைத்துவிட்டு, சற்று நேரம் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்து, "ஏன் சார், காசு கட்டியா இந்தப் பாடு படறீங்க?" என்று கேட்டார். இன்று வரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவேளை நான் அபிலாஷிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதானோ?

12.5.2023

இல்லை. அவருக்குக் கடற்படை சம்பளம் கொடுத்தது.

28.5.2023

2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் அவருக்கு நேர்ந்ததைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இருவர் கேட்கிறார்கள். எழுத விருப்பமில்லாததால் எழுதவில்லை. ஆயினும் இந்த இழையில் அதை விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் பொய்யாகிவிடும்.

அந்தப் பந்தயத்துக்கு அவர் எடுத்துச் சென்ற படகின் பெயர் 'துரியா'. 1968-69-இல் 312 நாள் கடலில் இருந்து, நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் தனி மனிதரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி' என்ற 32 அடிப் படகை அப்படியே பார்த்துக் கோவாவில் கட்டியது. சுஹைலியே பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டதுதான் என்பதால், இது பேத்தி தாய்வீட்டுக்கு வந்த கதை. பெயரைப் பற்றியும் ஒரு திருத்தம்: அது ஏதோ அரபுச் சொல் என்று சில ஆண்டுகள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நனவு, கனவு, உறக்கம் ஆகிய மூன்றுக்கும் அப்பாலுள்ள நான்காம் நிலையாகத் தாயுமானவரும் சித்தர்களும் பாடிய துரியம்தான் அது. அரபுச் சொல் சுஹைலிதான். வளைகுடாவின் தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் இட்ட பெயர். அவர்கள் சுஹைல் என்று அழைக்கும் விண்மீன் நமக்கு அகத்தியர்.

2018 செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 1,900 கடல் மைல் தொலைவில், புயலில் துரியா உருண்டது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பும் உடைந்தது. நடக்க முடியவில்லை, தூக்குப்படுக்கை வேண்டும் என்று செயற்கைக்கோள் வழியாகச் சில சொற்கள் வந்தன. தம் படகிலும் பாய்மரத்தை இழந்திருந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்ககின், கிடைத்த கம்புகளில் பாய் கட்டி அவரை நோக்கிச் செல்ல முயன்றார். செப்டம்பர் 24 அன்று ஓசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் அபிலாஷை மீட்டு ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் கொண்டுசென்றது. பின்னர் இந்தியப் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். சத்புரா அங்கிருந்து அழைத்து வந்தது.

அந்த மூன்று இரவுகளும் நான் உறங்கவில்லை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மைதான். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முதல் இரவில், விடியும் முன்னே என் மனத்தில் எழுந்த எண்ணம் "இனி இவரைப் பார்க்கவே முடியாமல் போய்விடுமோ" என்பது. அவர் பிழைக்க வேண்டுமே என்பது அதற்குப் பின்னால்தான் வந்தது. வரிசை அதுதான். ஒரு மனிதர் முதுகு உடைந்து அலையின் நடுவே கிடக்கும்போது, தன் கைக்குலுக்கல் பறிபோவதைப் பற்றி ஒருவன் கவலைப்பட்டிருக்கிறான்.

3.7.2023

இதைப் படித்தால் சிரிப்பு வரும் என்பதற்காகவே எழுதுகிறேன். போன பதிவு கனத்துவிட்டது.

சென்ற வாரம் வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்தது: "உலகைச் சுற்றிய கடற்படை அதிகாரி மாணவர்களிடையே உரையாற்றுகிறார், அனைவரும் வருக." பெயர் இல்லை. உலகைச் சுற்றிய கடற்படை அதிகாரி என்றால் எனக்கு ஒரே ஒருவர்தான். அரை நாள் விடுப்பு எடுத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். முன்வரிசையில் இடம் வேண்டுமென்று ஒன்றரை மணி நேரம் முன்னதாகச் சென்று, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த மாணவர்களுக்கு உதவியும் செய்தேன்.

மேடைக்கு வந்தவர் எழுபதைக் கடந்த ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி. உலகைச் சுற்றியது உண்மை. போர்க்கப்பலில், சுமார் முந்நூறு பேருடன், சமையற்காரர் சகிதம். அவர் நன்றாகத்தான் பேசினார். குறை என் காதில் இருந்தது. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரே காரணத்தால் என்னிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டார்கள். பதினைந்து நாளாக இந்த இழையில் தேடிக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "கடலில் போர் அடிக்காதா, ஐயா?" என்று கேட்டேன். "வேலை இருந்தால் அடிக்காது" என்றார். அத்துடன் உட்கார்ந்துவிட்டேன்.

அபிலாஷ் முன்னால் நின்றிருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

(4.7: பதினைந்து நாளா, இரண்டு மாதமா என்று திருத்துகிறார் தூத்துக்குடி நண்பர். இரண்டு மாதம்.)

24.12.2023, கன்னியாகுமரியிலிருந்து

கேள்வி இல்லாமல் போவதற்குக் காரணம், அவர் செய்யும் வேலை எதையும் நான் செய்து பார்க்காததுதான் என்று முடிவு செய்து, பழைய கப்பல் சாமான் விற்கும் ஒரு கடையில் செக்ஸ்டன்ட் ஒன்று வாங்கினேன். விலையை வீட்டில் சொல்லவில்லை. இங்கேயும் சொல்ல மாட்டேன், வீட்டில் இதைப் படிக்கிறார்கள்.

நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைக்கும். ஆனால் அளப்பதற்குச் சூரியனுக்கு நேர் கீழே கடல் அடிவானம் வேண்டும். டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும். சென்னையிலோ கடல் கிழக்கே இருக்கிறது. தெற்கே பெசன்ட் நகரும் நீலாங்கரையும்தான் இருக்கின்றன. ஆகவே, தெற்கே கடலைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்துக்கு இரவு ரயிலில் வந்தேன்.

நேற்றுப் பகல் 12 மணிக்கே கரையில் நின்றுவிட்டேன். இவ்வூரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகார நண்பகலுக்குப் பிறகு ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து. நம் கடிகாரம் மிர்சாப்பூர்ப் பக்கத்துத் தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது. சபரிமலை போய்விட்டு வந்த ஐயப்ப பக்தர்கள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. கறுப்பு வேட்டியில் ஒருவர், "அதுல என்ன சாமி தெரியுது?" என்றார். சூரியன் தெரிகிறது என்றேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "சும்மாவே தெரியுதே சாமி" என்றார்.

கண்ணாடிகளின் வழியே சூரியனை மெல்ல இறக்கி, அதன் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொடும்படி நிறுத்த வேண்டும். கருவியைச் சற்றே ஊசலாட்டினால் சூரியன் தொட்டில் போல ஆடி, வளைவின் அடியில் கடலை உரசும். அந்த உரசல்தான் அளவு. நிமிடத்துக்கு நிமிடம் உயர்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் உயராமல் நின்றது. 58 பாகை 5 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). அறைக்கு வந்து கணக்குப் போட்டேன். 8 பாகை 30 கலை வடக்கு.

அது திருவனந்தபுரம்.

26.12.2023

கணக்கை அனுப்பியிருந்தேன், வணிகக் கப்பலில் வேலை பார்த்த ஒரு வாசகர் பிழையைப் பிடித்துவிட்டார். சூரியனின் கீழ் விளிம்பை அளந்துவிட்டு நடுப்புள்ளிக்கு உரிய 16 கலையைக் கூட்ட மறந்திருக்கிறேன். மீதி கருவியின் பிழை: அளவு சுழியத்தில் இருக்கும்போது இரு கண்ணாடிகளிலும் அடிவானம் ஒரே கோடாகத் தெரிகிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்; நான் பார்க்கவில்லை. மொத்தம் 25 கலை, அதாவது 25 கடல் மைல், 46 கிலோமீட்டர். அசையாத தரையில் நின்று, சாப்பிட்டுவிட்டு, பகல் வெளிச்சத்தில் செய்த பிழை இது.

இதை உருளும் படகில், ஒரு கை கருவியிலும் ஒரு கை கம்பியிலுமாக, மேகம் விலகும் அரை நிமிடத்துக்குள் செய்து முடித்துத்தான் அவர் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைத் தாண்டினார் என்பதை அளவுகளோடு புரிந்துகொண்டது நேற்றுதான். அதற்கு முன்பு பத்தாண்டுகளாக நான் வியந்துகொண்டிருந்தது செய்தித்தாளை.

15.2.2024

அபிலாஷுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். அனுப்பும் முன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "இதில் அவர் எங்கே வருகிறார்?" என்றாள். எண்ணிப் பார்த்தேன்: "நான்" அறுபத்து மூன்று இடங்களில், "தாங்கள்" ஏழு. நாயன்மார் கணக்கில் அமைந்துவிட்டது என்று சமாளித்தேன். கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

6.10.2024

இழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற கடற்படைப் பாய்ப்படகு உலகைச் சுற்றக் கிளம்பியிருக்கிறது. அதில் போகும் பெண்கள் இருவரும் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள்: கேரளத்தின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. பயிற்றுவித்தவர் அபிலாஷ் டோமி.

அந்தச் செய்தியோடு பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, கண்ணெதிரே இருந்தும் சேர்த்துப் பார்க்காத ஒன்று தெரிந்தது. 2006-இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் அறுபத்தேழாவது வயதில் மறுபடியும் உலகைச் சுற்றும் பந்தயத்துக்கு ஆயத்தமானபோது, அவருடைய கரைக் குழுவில் வேலை செய்யப் போனவர் தோண்டே. பின்னர் தோண்டே கிளம்பியபோது அவருக்குக் கரை வேலை பார்த்தவர் அபிலாஷ். இப்போது அபிலாஷிடம் இந்த இருவரும். இவர்களில் யாரும் அரங்கின் முன்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்ததாகத் தெரியவில்லை. கயிறு சுருட்டவும், பழுது பார்க்கவும், சாமான் ஏற்றவும் போயிருக்கிறார்கள். அந்தப் போர்க்கப்பல் பெரியவர் எனக்குச் சொன்ன பதிலும் இதற்குப் பொருந்தி வருகிறது. அன்று அதைத் தட்டிக்கழிப்பு என்று நினைத்தேன்.

அதே செய்தியைப் படித்த வாசகி (முதலில் கேட்டாரே, அவர்தான்) கேட்கிறார்: "புதுச்சேரி உங்களுக்கு மூன்று மணி நேரப் பயணம். திரும்பி வந்ததும் ரூபாவைச் சந்திக்க வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை?" தோன்றவில்லை என்பது உண்மை. என் அக்காள் மகள் வயதிருக்கும் ஒருவரிடம் அண்ணாந்து நிற்க எனக்குக் கழுத்து வளையவில்லை போலும். நாணமாக இருக்கிறது.

1.6.2025

தாரிணி மே 29 அன்று கோவா திரும்பிவிட்டது. எட்டு மாதம், ஏறத்தாழ 25,400 கடல் மைல். ஃப்ரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று தோண்டே நின்ற அதே நான்கு துறைமுகங்களில் நின்று வந்திருக்கிறார்கள்.

கடிதத்தை மறுபடி எழுதினேன், ஒரே பக்கம். பாராட்டு ஒரு வரி. அது அவர்களுக்குப் பழகியிருக்கும். எஞ்சியது கேள்வி. வாசகிக்கு இரண்டு ஆண்டு தாமதமான என் பதிலும் அதுதான்.

கன்னியாகுமரியில் அலைத்துளி பட்டுக் கருவியின் மேல் கண்ணாடியில் உப்புப் படிந்துவிட்டது. வேட்டி நுனியால் துடைத்தேன். காய்ந்த உப்பு மணல் மாதிரி அறுத்து, கண்ணாடியின் குறுக்கே இரண்டு கீறல்கள் விழுந்துவிட்டன. இப்போது எந்தச் சூரியனும் எனக்கு மூன்று துண்டாகத்தான் தெரிகிறது. குடிநீரை அளந்து குடிக்கிற படகில், உடுத்தியது முழுவதும் உப்பில் ஊறியிருக்கையில், அந்தக் கண்ணாடியை எதைக் கொண்டு துடைத்தீர்கள்?

கடிதத்தை இரண்டு படி எடுத்திருக்கிறேன். ஒன்று அபிலாஷுக்கு. இன்னொன்று புதுச்சேரிக்காரருக்கு.